கையால போட்டோ கொலாஜ் பண்ணி கிஃப்ட் குடுக்கணுமா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

பிறந்தநாள், கல்யாண நாள், ரிட்டயர்மென்ட், வெளியூர் கிளம்பற ஃபிரெண்டு, இப்படி ஏதாவது ஒண்ணு வரும்போதுதான் கொலாஜ், அதாவது நிறைய போட்டோவை வெட்டி ஒரே அட்டைல சேத்து ஒட்டறது, ஞாபகம் வரும், அதுவும் பெரும்பாலும் முந்தின வாரம். அந்த அவசரத்துல கேக்கற கேள்விகளைத்தான் இங்க ஒண்ணா போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு எது வேணுமோ அதுக்குப் போயிருங்க.

ஆப்லயே அஞ்சு நிமிஷத்துல வந்துருதே, எதுக்கு கையால உக்காந்து ஒட்டணும்?

ஆப்ல பண்றது தப்புன்னு சொல்லல, அவசரத்துக்கு நல்லாவே இருக்கும். ஆனா ஆப் பண்றது கட்டம் பிரிச்சு நிரப்பற வேலை, எல்லா போட்டோவும் ஒரே மாதிரி பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்கும். கையால பண்ணும்போது ஒரு ஆளை மட்டும் பின்னணி இல்லாம வெட்டி எடுத்து இன்னொரு படத்து மேல பாதி ஏறி நிக்க வைக்கலாம், ஓரத்துல உங்க கையெழுத்துல ஒரு வரி எழுதலாம், பழைய டிக்கெட்டை சொருகலாம். சேட்டையும் பண்ணலாம். 1860, 70கள்ல இங்கிலாந்துல வசதியான வீட்டுப் பெண்கள் இதைத்தான் பண்ணிட்டிருந்தாங்க, அப்போ விசிட்டிங் கார்டு சைஸ்ல போட்டோ அச்சடிச்சு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கறது பெரிய மோகம், அதுல இருக்கற தலையை வெட்டி தாங்களே வரைஞ்ச வாட்டர்கலர் படத்துல ஒட்டிருவாங்க, வாத்து உடம்புல மனுஷத் தலை இருக்கற பக்கம்லாம் இன்னிக்கும் மியூசியத்துல இருக்கு. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912ல கேன்வாஸ்ல காகிதமும் துணியும் ஒட்டறதுக்கு நாப்பது அம்பது வருஷம் முன்னாடியே இதெல்லாம் நடந்தாச்சு. அதனால எனக்கு ஆர்ட் வராதேன்னு பயப்படாதீங்க, இது ஆரம்பத்துலேர்ந்தே வீட்டு மேஜைல நடந்த வேலைதான்.

எத்தனை போட்டோ வைக்கலாம்?

நீங்க நினைக்கறதுல பாதி. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், யாரும் கேக்கறதில்ல.

கணக்கு போட்டு பாருங்க. ஏ3 சைஸ் 297 × 420 மில்லிமீட்டர். சாதாரணமா போட்டோ லேப்ல போடற 4 × 6 இன்ச் பிரிண்ட் கிட்டத்தட்ட 102 × 152. வெட்டாம, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம வச்சா ஆறுதான் ஒழுங்கா உக்காரும். ஓரம் வெட்டி, சிலதை சின்னதா பிரிண்ட் போட்டு, கொஞ்சம் ஏத்தி வச்சா பத்துலேர்ந்து பதினாலு வரைக்கும் வசதியா வரும். அதுக்கு மேல போச்சுன்னா முகம் எல்லாம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆயிடும், சுவத்துல மாட்டினா நாலடி தள்ளி நின்னு பாக்கறவங்களுக்கு கலர் பொட்டு பொட்டாதான் தெரியும். அம்பது போட்டோ வைக்கணும்னு ஆசை இருந்தா கொலாஜ் வேணாம், ஆல்பம் பண்ணுங்க.

ஃபோன்ல ஆயிரக்கணக்குல கிடக்கு, எதை எடுக்கறது எதை விடறது?

உண்மையான வேலையே இதுதான், வெட்டி ஒட்டறது ஒரு சாயங்கால வேலை.

நம்ம எல்லாருமே பண்றது என்னன்னா, நமக்குப் புடிச்ச போட்டோவை எடுக்கறது, குறிப்பா நம்ம நல்லா இருக்கற போட்டோவை. அம்மாவுக்குப் பண்ற கொலாஜ்ல பாத்தா பத்துல எட்டு புள்ளைங்க போட்டோ, அம்மா ஒரு ஓரத்துல பாதி முகம் வெட்டுப்பட்டு நிப்பாங்க. குடுக்கறது யாருக்குன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. அவங்க வாழ்க்கை நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. அவங்க ஸ்கூல் தோழி, மொத வேலைல சேந்த ஆபீஸ் வாசல், ஓட்டின சைக்கிள், இதுல ஒண்ணு கிடைச்சாலே போதும், பாத்ததும் "இது எங்கேர்ந்துடா கிடைச்சுது"ன்னு கேப்பாங்க. அதுக்கு அவங்க அண்ணன் தங்கச்சி, பழைய ஃபிரெண்டுன்னு ரெண்டு பேருக்கு ரகசியமா ஃபோன் போடுங்க, உங்ககிட்ட இல்லாத போட்டோ அவங்க பீரோல இருக்கும்.

அடுத்து, எல்லாரும் வரிசையா நின்னு கேமராவைப் பாத்து சிரிக்கற குரூப் போட்டோ ஒண்ணு போதும். மத்ததெல்லாம் யாரும் கவனிக்காதப்போ எடுத்ததா இருக்கட்டும், கண்ணாடியை நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டு பேப்பர் படிக்கற அப்பா, குழந்தையைத் தூங்க வைக்கப் போய் தானே தூங்கிட்ட தாத்தா. கொஞ்சம் ஆடிப்போன போட்டோன்னா கூட பரவால்ல. பின்னணியையும் பாருங்க, முகம் சுமாரா இருக்கற போட்டோல பின்னாடி அந்தப் பழைய வீட்டுக் கதவோ ஸ்கூட்டரோ இருந்தா அதுக்காகவே அது உள்ள வரலாம்.

முப்பது எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு ரெண்டு நாள் விட்டுட்டு மறுபடி திறந்து பாருங்க, பாதி தானா கழண்டு போயிடும்.

வாட்ஸப்ல வந்த போட்டோ பிரிண்ட் போட்டா மங்கலா வருது, ஏன்?

வாட்ஸப் அனுப்பும்போதே படத்தை சுருக்கிடுது, ஃபோன் ஸ்க்ரீன்ல தெரியாது, பேப்பர்ல காட்டிக் குடுத்துரும். நல்ல பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல் இருக்கணும்பாங்க, அதாவது 4 × 6 பிரிண்டுக்கு 1200 × 1800 பிக்சல். 200 இருந்தாலும் சின்ன சைஸ்ல கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. போட்டோ வச்சிருக்கறவங்ககிட்ட டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க, அப்படி அனுப்பினா சுருங்காம வரும். ஒரிஜினல் இல்லவே இல்லன்னா அதை சின்னதா பிரிண்ட் போட்டு வையுங்க, பெருசாக்கத்தான் கூடாது. அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பறவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட பொறுமையா திரும்பக் கேளுங்க.

பழைய ஆல்பத்துல இருக்கற ஒரிஜினலையே வெட்டி ஒட்டிடலாமா?

வேணாம். நெகட்டிவ் தொலைஞ்சு போன போட்டோன்னா உலகத்துலயே அது ஒண்ணுதான். ஸ்கேன் பண்ணி பிரதி எடுத்து அதை என்ன வேணா பண்ணுங்க.

ஸ்கேன் 600 டிபிஐல (இன்ச்சுக்கு 600 புள்ளி) வையுங்க, அப்போ 2 × 3 இன்ச் குட்டிப் போட்டோவைக்கூட 4 × 6 ஆக்கி தெளிவா பிரிண்ட் போடலாம். ஸ்கேனர் இல்லையா, ஜன்னல் பக்கத்துல நேர் வெயில் படாத இடத்துல போட்டோவைத் தட்டையா வச்சு, ஃபிளாஷ் அணைச்சு, ஃபோனை சாய்க்காம நேரா மேலேர்ந்து எடுங்க. பளபளன்னு இருக்கற போட்டோன்னா நீங்களும் உங்க ஃபோனும் அதுல பிரதிபலிக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுத்தா அது குறையும்.

பக்கம் முழுக்க பசை தடவி மேல பிளாஸ்டிக் தாள் மூடின ஆல்பம் இருக்கு பாருங்க, அதுல போட்டோ கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கும். நகத்தால பேக்காதீங்க. மெழுகு தடவாத பல் இடுக்கு நூல், டென்டல் ஃபிளாஸ்னு விக்குமே, அதை ஒரு மூலைல போட்டோவுக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இப்படியும் அப்படியும் இழுத்துட்டே போனா நிறைய தடவை கழண்டு வந்துரும். வரலன்னா பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணிட்டு விட்டுருங்க.

போலராய்டு, இன்ஸ்டாக்ஸ் மாதிரி உடனே வர்ற போட்டோவை வெட்டலாமா?

வெட்டாதீங்க. அது பல அடுக்கா இருக்கற ஃபிலிம், உள்ள கெமிக்கல் இருக்கு, வெட்டினா அடுக்கு பிரியும், புதுசா இருந்தா கையிலயும் படும். முழுசா வையுங்க, அந்த வெள்ளை ஓரமே அதுக்கு அழகு.

வீட்டு பிரிண்டரா, லேபா? கிளாஸியா, மேட்டா?

லேப்ல போடறது நல்லது, தண்ணிப் பசைக்கு ஓரளவு தாங்கும். வீட்டு இங்க்ஜெட்ல போட்டா ஈரம் பட்டதும் நிறைய மை கலங்கி ஊதா சாயம் மாதிரி பரவும், அதனால பிரிண்ட் போட்டு ஒரு நாள் முழுக்க காய விட்டு, டபுள் சைடு டேப் வச்சு மட்டும் ஒட்டுங்க. பளபளன்னு இருக்கற கிளாஸி வேணாம், பளபளப்பு இல்லாத மேட் எடுங்க. ஒட்டும்போது பத்து விரலும் படத்து மேல இருக்கும், கிளாஸில ரேகை எல்லாம் அப்படியே நிக்கும், மாட்டினதும் டியூப்லைட் வெளிச்சம் வேற அடிக்கும்.

எந்த பசை? ஒட்டினா ஏன் அலை அலையா வருது?

அலை வர்றதுக்குக் காரணம் தண்ணி. வெள்ளை கம்ல தண்ணி இருக்கு, காகிதம் அதைக் குடிச்சு உப்பும், காயும்போது ஒரு பக்கமா சுருங்கும், போட்டோ பின்னாடி பிளாஸ்டிக் பூச்சு இருந்தா அது உப்பாது, ரெண்டும் இழுத்துக்கிட்டு வளையும். வெள்ளை கம்தான் இருக்குன்னா ரொம்ப மெல்லிசா, ஓரத்துலயும் நடுவுலயும் ஒரு கோடு, அவ்ளோதான்.

டபுள் சைடு டேப் எனக்குப் புடிச்சது. பின்பக்கம் நாலு ஓரத்துலயும் டேப் ஒட்டுங்க, ஆனா மேல் தாளை மொத்தமா உரிக்காதீங்க, ஒவ்வொரு டேப்லயும் முனையை மட்டும் ஒரு சென்டிமீட்டர் உரிச்சு வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க, காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். போட்டோவை இடத்துல வச்சு நகர்த்தி நகர்த்தி சரி பாத்துட்டு, ஒரு கையால நடுவுல அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால அந்தக் காதைப் புடிச்சு மெதுவா இழுத்தா தாள் வெளிய வந்துரும், போட்டோ கோணாம உக்காந்துரும். அப்புறம் மேல ஒரு சுத்தமான வெள்ளைத் தாளை வச்சு, உள்ளங்கையால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு தேச்சு விடுங்க, நேரா போட்டோ மேல தேக்காதீங்க.

செல்லோடேப் மட்டும் வேணவே வேணாம். சில வருஷத்துல மஞ்சளாகி, பசை வழிஞ்சு, போட்டோல கறையா நிக்கும். சைக்கிள் டியூப் ஒட்டற ரப்பர் பசையும் அப்படித்தான். கடைல பசையோ பேப்பரோ வாங்கும்போது ஆசிட் ஃப்ரீ, அதாவது அமிலம் இல்லாததுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, போட்டோவுக்கு ஆகுமான்னு சோதிக்கறதுக்குன்னே ஐஎஸ்ஓ 18916னு ஒரு தரம் இருக்கு, அதுல பாஸ் பண்ணினதை அட்டைல குறிச்சிருப்பாங்க.

அடிப்பக்கம் எதுல ஒட்டறது?

சார்ட் பேப்பர் மட்டும் போதாது, எடை தாங்காம சுருளும். நடுவுல நுரை வச்ச 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, இல்லன்னா கெட்டி மவுன்ட் போர்டு. பின்னணியா பழைய செய்தித்தாளை ஒட்டறது பாக்க நல்லா இருக்கும், ஆனா அந்தக் காகிதத்துல லிக்னின்னு மரத்துல இருக்கற பொருள் அப்படியே இருக்கு, வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகிடும், அமிலம் பக்கத்துல இருக்கற போட்டோவையும் பாதிக்கும். அந்த லுக்தான் வேணும்னா செய்தித்தாளை நல்ல பேப்பர்ல ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்க.

நேரா வெட்டவே வரமாட்டேங்குது.

பிளேடு மொக்கையா இருக்கும். புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், அடியில கட்டிங் மேட். பிளாஸ்டிக் ஸ்கேலை கட்டர் சீவிடும், அப்புறம் அந்த ஸ்கேல்ல எந்தக் கோடும் நேரா வராது. ஒரே அமுக்குல வெட்டப் பாக்காதீங்க, லேசா ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. கத்தரிக்கோல்ல ஆளோட உருவத்தை வெட்டும்போது கத்தரிக்கோல் புடிச்ச கையை அசைக்காம மத்த கையால போட்டோவைத் திருப்புங்க, வளைவு சீரா வரும். முடியை ஒவ்வொரு இழையா வெட்ட முயற்சி பண்ணி நேரத்தைத் தொலைக்காதீங்க, சுத்தி ரெண்டு மில்லிமீட்டர் வெள்ளை விட்டு வெட்டினா ஸ்டிக்கர் மாதிரி அழகா இருக்கும்.

ஒவ்வொரு போட்டோவும் ஒவ்வொரு கலர், சேத்து வச்சா சந்தைக் கூச்சலா இருக்கு.

கருப்பு வெள்ளை. எல்லாத்தையும் மாத்தணும்னு இல்ல, கலர் ஒத்துப்போகாதது, ஃபிளாஷ் அடிச்சு முகம் வெளுத்தது, மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்தது, இதை மட்டும் கருப்பு வெள்ளையா பிரிண்ட் போடுங்க, ரெண்டு மூணு நல்ல கலர் போட்டோ நடுவுல தனியா எடுப்பா தெரியும். பழைய போட்டோவும் புதுசும் ஒண்ணா இருக்கும்போது இது ரொம்ப உதவும். பின்னணி ஒரே நிறமா இருக்கட்டும், பூப்போட்ட பேப்பர், மினுமினுப்பு, ஸ்டிக்கர் எல்லாம் சேத்தா போட்டோ தொலைஞ்சு போகும்.

எப்படி அடுக்கறது? ஏதாவது ரூல் இருக்கா?

பெருசா இல்ல. ஒரு போட்டோ மத்ததை விட தெளிவா பெருசா இருக்கட்டும், கண்ணு முதல்ல போய் நிக்க ஒரு இடம் வேணும்ல. அது நட்ட நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளி இருந்தா இன்னும் நல்லது. ஓரத்துல இருக்கற ஆள் வெளிய பாக்காம உள்பக்கம் பாக்கற மாதிரி வையுங்க, வெளிய பாத்தா நம்ம கண்ணும் கூடவே வெளிய போயிடும். அதுக்காக போட்டோவை இடவலமா திருப்பிப் போடாதீங்க, சட்டைப் பை வலது பக்கம் வந்துரும், பின்னாடி இருக்கற போர்டு எழுத்து கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பித் தெரியும், வகிடு மாறினா அவங்க அவங்களாவே இருக்கமாட்டாங்க.

முக்கியமா, எல்லாத்தையும் ஒட்டாம அடுக்கி ஃபோன்ல ஒரு போட்டோ எடுங்க. மாத்தி அடுக்கி இன்னொண்ணு எடுங்க. கண்ணால பாக்கறப்போ தெரியாத ஓட்டை ஃபோன்ல சின்னதா பாக்கறப்போ பளிச்சுனு தெரியும். எது சரின்னு தோணுதோ அதைப் பாத்தே ஒட்டலாம், நடுவுல ஃபேன் காத்துல எல்லாம் பறந்தாலும் கவலை இல்ல. யார் முகம் மேலயாவது இன்னொரு போட்டோ ஏறியிருக்கான்னு கடைசியா ஒரு தடவை பாருங்க, அவங்க அதைத்தான் முதல்ல பாப்பாங்க.

டிக்கெட், பில், காஞ்ச பூ எல்லாம் ஒட்டலாமா?

டிக்கெட் ஒட்டறதுக்கு முன்னாடி நகத்தால வேகமா ஒரு கீறு கீறிப் பாருங்க. கருப்பு கோடு விழுந்தா அது தெர்மல் பேப்பர், மையே கிடையாது, சூட்டுல கருக்கற பூச்சு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல வெறும் வெள்ளைத் தாளா ஆயிடும், பத்திரமா இருக்கட்டும்னு சூட்டு லேமினேஷன் போட்டா முழுசா கருத்துரும். ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்க. பூன்னா கனமான புத்தகத்துக்கு நடுவுல உறிஞ்சற தாள் வச்சு ரெண்டு மூணு வாரம் நல்லா காயணும், ஈரம் மிச்சமிருந்தா கண்ணாடிக்குள்ள பூசணம் புடிக்கும்.

ஏதாவது எழுதணுமா?

கட்டாயம் எழுதுங்க, ஆனா கவிதை வேணாம், "உன் அன்புக்கு ஈடேது" வகையும் வேணாம். வருஷம், இடம், யார் யாருன்னு ஒரு வரி. இல்ல அவங்க அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை, "சரி சரி வை ஃபோனை" மாதிரி. பின்பக்கம் எல்லார் பேரையும் எழுதி வையுங்க, இருபது வருஷம் கழிச்சு ஓரத்துல நிக்கற அந்த ஆள் யாருன்னு வீட்டுல சண்டை வரும். போட்டோ பின்னாடி பால்பாயின்ட்ல அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் தெரியும், அதனால போர்டு மேல எழுதுங்க.

தவறிப்போனவங்க போட்டோவை சேக்கலாமா?

இதுக்கு ஒரே பதில் கிடையாது. இறந்து ரொம்ப நாள் ஆகலன்னா, கொண்டாட்டத்துக்கு குடுக்கற கொலாஜ்ல திடீர்னு அந்த முகத்தைப் பாத்து, கிஃப்ட் வாங்கறவங்க எல்லார் முன்னாடியும் உடைஞ்சு போகலாம், அதனால வீட்டுல நெருக்கமான ஒருத்தர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க. சேக்கறதா முடிவு பண்ணா தனியா கட்டம் கட்டி ஒதுக்கி வைக்காதீங்க, அது அஞ்சலி போஸ்டர் மாதிரி ஆயிடும். மத்தவங்களோட சேந்து சிரிச்சுட்டு, பேசிட்டு இருக்கற போட்டோவா எடுத்து கூட்டத்துல ஒருத்தராவே வையுங்க.

பிரிஞ்சு போனவங்க இருக்கற குரூப் போட்டோவை என்ன பண்றது?

ஆளை மட்டும் வெட்டி எடுத்தா அந்த ஓட்டை இன்னும் சத்தமா பேசும், தோள்ல ஒரு கை மட்டும் மிஞ்சி நிக்கும். வேற போட்டோ தேடுங்க. அதுதான் வேணும்னா உங்க ஆளை உருவமா வெட்டி எடுத்துட்டு மீதியை விட்டுருங்க.

சின்னப் பசங்களையும் சேத்துக்கலாமா?

தாராளமா. முனை மழுங்கின கத்தரிக்கோலும் குளூ ஸ்டிக்கும் குடுங்க, கட்டர் குடுக்காதீங்க. கோணலா ஒட்டினதை ராத்திரி எடுத்து சரி பண்ணாதீங்க, தாத்தாவுக்கு அந்தக் கோணல்தான் புடிக்கும்.

பிரேம் போடும்போது என்ன கவனிக்கணும்?

கண்ணாடி போட்டோ மேல நேரா படக்கூடாது. ஈரக்காத்துல வருஷக்கணக்கா அமுங்கி இருந்தா போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கும், உரிச்சா படலமே கண்ணாடியோட வந்துரும். சுத்தி மவுன்ட் போர்டு வச்சோ, ஓரத்துல ஸ்பேசர்னு சொல்ற மெல்லிசான பட்டை வச்சோ ஒரு இடைவெளி விடச் சொல்லுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டியிருந்தா இன்னும் ஆழமான பாக்ஸ் பிரேம் வேணும், அளவெடுக்கும்போதே சொல்லிருங்க. நேர் வெயில் படற சுவரும், தண்ணி ஊறற சுவரும் வேணாம். பிரேம் போடறதுக்கு முன்னாடி ஒரு நல்ல போட்டோவோ ஸ்கேனோ எடுத்து வச்சுக்கோங்க, பாத்துட்டு எனக்கும் ஒண்ணுன்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க.

தூரத்துல இருக்கறவங்களுக்கு கூரியர்ல அனுப்பணும், உடைஞ்சுருமே?

கண்ணாடி பிரேமோட அனுப்பாதீங்க. கொலாஜை மட்டும் மேல மெல்லிய தாள் வச்சு, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு, நாலு பக்கமும் அட்டை ரெண்டு விரக்கடை அதிகமா இருக்கற மாதிரி வெட்டி டேப் போடுங்க, மூலை இடிச்சா அட்டைதான் வாங்கிக்கும். டேப் கொலாஜ் மேல படாம பாத்துக்கோங்க. மழைக்காலம்னா பிளாஸ்டிக் கவர். இன்னொரு வழி, ஆரம்பத்துலயே மடிக்கற மாதிரி பண்ணிருங்க, நீளமான கெட்டித் தாளை விசிறி மடிப்பா மடிச்சு மடிப்புக்கு ஒரு போட்டோன்னு ஒட்டினா சாதாரண கவர்ல போயிடும், அவங்க பிரிச்சு மேஜை மேல நிறுத்தி வச்சுக்கலாம். ஒட்டறதுக்கு முன்னாடியே மடிச்சுருங்க, ஒட்டினப்புறம் மடிச்சா யாரோ ஒருத்தர் மூக்கு மேல மடிப்பு விழும்.